பெரிய வீடியோ கன்சோலில் ஓடவில்லையா? கன்வெர்ட் செய்யும் முன் அறிகுறியைப் பாருங்கள்

தங்கை கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து ஒரு பென்டிரைவ் வந்தது. முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு எல்லாம் சேர்த்து 3 மணி 10 நிமிடம், ஒரே கோப்பு. ஹாலில் இருப்பது பழைய டிவி. அதோடு பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் கன்சோலை இணைத்திருந்ததால் பென்டிரைவை அதில் செருகினோம். அத்தை, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. கன்சோலில் பென்டிரைவ் செருகிய சுவடே தெரியவில்லை.

அன்று இரவு சித்தப்பா மகன் லேப்டாப்பில் ஒரு கன்வெர்ட்டரை (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) போட்டு விடிய விடிய ஓடவிட்டான். காலையில் கோப்பு சின்னதாகியிருந்தது. அவனுடைய பென்டிரைவில் போட்டுச் செருகியதும் ஓடியது. ஆனால் கூரைப்புடவையின் ஜரிகை குழைந்த வண்ணமாகிவிட்டது. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்த மூலையில் இருந்த தவில்காரரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அந்த மாற்றமே தேவைப்பட்டிருக்காது. ஸ்டுடியோ தந்த கோப்பில் ஒரு குறையும் இல்லை. பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் (டிரைவில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) ஃபார்மேட் ஆகியிருந்தது. பிளேஸ்டேஷன் 4 அந்த முறையைப் படிக்காது. ஒரு ஃபார்மேட், ஒரு காப்பி, வேலை முடிந்திருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீடியோ ஓடவில்லை என்றதும் எல்லாரும் கன்வெர்ட்டரைத்தான் தேடுகிறார்கள். கன்வெர்ட் செய்தால் படத்தை அவிழ்த்து மறுபடி அழுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. ஒரு வீடியோ கன்சோலுக்குள் நுழைய நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும்: டிரைவின் ஃபார்மேட், கோப்பின் அளவு, கோப்பின் பெட்டி (எம்பி4, எம்கேவி போன்றவை), பெட்டிக்குள் இருக்கும் படமும் ஒலியும். முதல் மூன்றில் சிக்கல் என்றால் படத்தைத் தொடவே வேண்டாம். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

டிரைவே தெரியவில்லை

கணினியில் அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கு போட்டு, ப்ராப்பர்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ற வரியைப் படியுங்கள். பிளேஸ்டேஷன் 3 ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் ஃபேட்32 கொடுப்பதே வழி. பிளேஸ்டேஷன் 4 ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டையும் படிக்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல் வந்தவை இவை இரண்டோடு என்டிஎஃப்எஸ்ஸையும் படிக்கும்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஃபேட் போட்டுவிட்டால் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் அது திறக்கும். ஃபார்மேட் செய்தால் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண வீடியோ அந்த ஒரு பென்டிரைவில் மட்டும் இருக்கிறது என்றால், முதலில் லேப்டாப்பில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு அழுத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிளேஸ்டேஷன் 3-க்காக ஃபேட்32 போடப் போனால் ஒரு தடங்கல் வரும். டிரைவ் 32 ஜிபிக்கு மேல் இருந்தால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலில் பெரும்பாலும் ஃபேட்32 என்ற தேர்வே இருக்காது. பென்டிரைவில் கோளாறு இல்லை, அந்த ஜன்னலின் வரம்பு அது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பூட் தேவையில்லை என்று குறித்து, பார்ட்டிஷன் முறைக்கு எம்பிஆர், ஃபைல் சிஸ்டத்துக்கு ஃபேட்32 தேர்ந்தால் 64, 128 ஜிபி டிரைவ்களும் ஃபேட்32 ஆகிவிடும். மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியில் ஃபார்மேட் செய்பவர்களும் ஸ்கீம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு (எம்பிஆர் என்பது இதுதான்) என்று தேர்ந்துகொள்ளுங்கள். பழைய கன்சோல்களுக்கு அதுதான் புரியும்.

ஃபார்மேட் சரியாக இருந்தும் தெரியவில்லை, டிரைவ் கையடக்க ஹார்ட் டிஸ்க் என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரவேண்டும் என்பது விதி. சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்கு மேல் கேட்கும். டக், டக் என்ற சத்தம் வந்து அடங்கினால் இதுவாக இருக்கலாம். இரண்டு போர்ட்டில் செருகும் ஒய் கேபிள், இல்லையென்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் உதவும். அதே சத்தம் கணினியிலும் கேட்டால் டிஸ்க் சாகிறது என்று பொருள். உடனே உள்ளதை வெளியே எடுங்கள்.

செருகியதும் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது

வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் 4-இல் 2017-இல் வந்த 4.50 மென்பொருள் முதல், 250 ஜிபி முதல் 8 டிபி வரையான யூஎஸ்பி 3.0 டிரைவை கேம் வைக்கும் எக்ஸ்டெண்டெட் ஸ்டோரேஜாக மாற்றலாம். மாற்றினால் உள்ளதெல்லாம் போகும், அதன்பின் கணினி அந்த டிரைவைப் படிக்காது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் பெரிய யூஎஸ்பி 3.0 டிரைவைச் செருகியதும் கேமுக்கா, மீடியாவுக்கா என்று ஒரு கேள்வி வரும். மீடியாவுக்கு என்பதைத் தேர்ந்தால் எதுவும் அழியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் கன்ட்ரோலரை வைத்திருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

காப்பி செய்யும்போதே மறுக்கிறது

பென்டிரைவில் 100 ஜிபி காலி. 6 ஜிபி கோப்பை இழுத்துப் போட்டால், சேருமிடத்துக்கு இந்தக் கோப்பு மிகப் பெரிது என்கிறது விண்டோஸ். இடம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். ஃபேட்32 ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட்டில் எழுதி வைக்கிறது. 32 பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 4,29,49,67,295. ஒரு கோப்பு அத்தனை பைட்டைத் தாண்டினால் அதன் அளவை எழுத இடமில்லை, டிரைவ் எவ்வளவு பெரிதானாலும். 1996-இல் விண்டோஸ் 95-இன் ஒரு திருத்தப் பதிப்போடு வந்த முறை அது. அன்றைக்கு ஒரு வீட்டு ஹார்ட் டிஸ்க்கே சில ஜிபிதான்.

எவ்வளவு நேர வீடியோ 4 ஜிபிக்குள் அடங்கும் என்று கணக்குப் போடுவது எளிது. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்பதை, நொடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் எம்பி கிடைக்கும். எங்கள் கல்யாண வீடியோ 28 எம்பிபிஎஸ். 3 மணி 10 நிமிடம் என்றால் 11,400 நொடி. 28 பெருக்கல் 11,400 வகுத்தல் 8, ஆக 39,900 எம்பி. விண்டோஸ் 1,024-இன் மடங்காக எண்ணுவதால் அதே கோப்பை 37 ஜிபி என்று காட்டும், எதுவும் குறைந்துவிடவில்லை. அந்தப் பிட்ரேட்டில் 4 ஜிபிக்குள் ஏறக்குறைய 20 நிமிடம்தான் அடங்கும். 8 எம்பிபிஎஸ் வீடியோவாக இருந்தால் 70 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

கன்சோல் எக்ஸ்ஃபேட் படிக்கும் என்றால் டிரைவை எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள், இந்தத் தலைவலி முடிந்தது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 என்றால் கோப்பைத் துண்டாக்க வேண்டும். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள் படத்தை மறுபடி அழுத்தாமல் வெட்டித் தரும். தரம் துளியும் போகாது. அது வெட்டும் இடம் முழுப் படமாகப் பதிந்த ஒரு ஃப்ரேமில்தான் விழும் என்பதால் நீங்கள் குறித்த நொடிக்குக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கலாம். அதனால் மாங்கல்யதாரணத்தின் நடுவே வெட்டாதீர்கள். கல்யாண வீடியோவுக்கு இயல்பான இடைவெளிகள் உண்டு: ஊஞ்சல் முடிந்து மாப்பிள்ளை உள்ளே போகும் இடம், பந்தி தொடங்கும் இடம். 20 நிமிடத்துக்குள் வருமாறு அங்கங்கே வெட்டி 01, 02, 03 என்று பெயர் வைத்தால், எங்கள் வீட்டில் போலப் பாட்டி நலங்கு மட்டும் போடு என்று கேட்கும்போது தேட வேண்டியதில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் டிரைவில் மேக் காப்பி செய்யும்போது ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியில் தொடங்கும் பெயரோடு 4 கேபி அளவில் ஒரு நிழல் கோப்பும் சேர்ந்துவிடும். கன்சோலில் ஒரே பெயரில் இரண்டு தெரிந்து ஒன்று ஓடாவிட்டால், ஓடாதது இந்த நிழல்தான். வீடியோ கெடவில்லை.

டிரைவ் தெரிகிறது, உள்ளே வீடியோ இல்லை என்கிறது

பிளேஸ்டேஷன் 3-இல் வீடியோ பட்டியலில் டிரைவின் மேல் நின்று முக்கோணப் பொத்தானை அழுத்தி, டிஸ்ப்ளே ஆல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கன்சோல் ஆங்கிலத்தில் VIDEO என்ற பெயருள்ள ஃபோல்டரைத்தான் முதலில் தேடும்; வேறு இடத்தில் போட்டால் இப்படி வற்புறுத்தித்தான் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-இல் மீடியா பிளேயர் என்ற இலவச ஆப் வேண்டும். கன்சோல் 2013-இல் வந்தபோது இந்த ஆப் இல்லை, 2015-இல்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் மீடியா பிளேயர் ஆப்பைக் கன்சோலில் உள்ள ஆப் கடையிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கலாம். கோப்பின் பெயரைச் சுருக்கமாக ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைத்தால் ஒரு சந்தேகம் குறையும்.

கோப்பு தெரிகிறது, ஓட மறுக்கிறது

இதில்தான் அதிகம் பேர் தவறாகக் கன்வெர்ட்டரைத் திறக்கிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். கன்சோல் கோப்பு சேதமாகியிருக்கிறது என்று எழுதிக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். தனக்குப் புரியாததையும் அது பல நேரம் அப்படித்தான் சொல்லும்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி எல்லாம் பெட்டிகள். பலகாரத்தை டப்பாவில் வைப்பது போல, படமும் ஒலியும் அந்தப் பெட்டிக்குள் தனித்தனியாக இருக்கின்றன. டப்பாவின் பெயரை வைத்து உள்ளே இருப்பது அதிரசமா முறுக்கா என்று சொல்ல முடியாது. திறந்து பார்க்க விஎல்சி போதும்: வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும். கோடெக் என்பது படத்தையும் ஒலியையும் அழுத்திய முறை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் தெளிவாகக் காட்டும். அதில் ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெட்டி, படத்தின் கோடெக், ப்ரொஃபைலும் லெவலும் (அந்தக் கோடெக்கில் எந்த வகை, எவ்வளவு கனம்), பிட் டெப்த் (நிறத்தைப் பதியும் நுணுக்கம்), பிட்ரேட், ஒலியின் கோடெக்.

படம் ஹெச்.264, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.2 அல்லது கீழே, 8 பிட் என்று இருந்து, ஒலி ஏஏசி அல்லது ஏசி3 என்று இருந்தால் பிளேஸ்டேஷன் 4 அதை எம்பி4, எம்கேவி இரண்டு பெட்டியிலும் ஓட்டும். அதே கோப்பு எம்ஓவி பெட்டியில் வந்திருந்தால் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். லாஸ்லெஸ்கட்டில் திறந்து, வெளியீட்டை எம்பி4 என்று வைத்து, எதையும் வெட்டாமல் எக்ஸ்போர்ட் கொடுங்கள். 40 ஜிபி கோப்பும் டிஸ்க் எழுதும் வேகத்தில் முடிந்துவிடும்; சில நிமிடம். சித்தப்பா மகனின் இரவு முழுவதும் ஓடிய வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் எம்பி4 என்று திருத்துவது பெட்டியை மாற்றுவது ஆகாது. டப்பாவின் மேல் வேறு சீட்டு ஒட்டியது போலத்தான்.

பிளேஸ்டேஷன் 3-க்கு எம்கேவி பெட்டி திறக்கவே தெரியாது. ஒலி ஏஏசி என்றால் எம்பி4-க்கு மாற்றுங்கள். ஒலி ஏசி3 என்றால் டிஎஸ்மக்ஸர் என்ற சின்ன மென்பொருளில் எம்2டிஎஸ் பெட்டிக்கு மாற்றலாம். அதிலேயே 4 ஜிபிக்குள் துண்டாக்கும் வசதியும் உண்டு.

லெவல் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1080பி படமாக இருந்தும் எடிட்டிங் மென்பொருள் லெவல் 5.1 என்று எழுதி விட்டிருக்கும். கன்சோல் படத்தை ஆராயாமல் அந்த எண்ணைப் பார்த்தே மறுத்துவிடும். டிஎஸ்மக்ஸரில் லெவலை 4.1 என்று திருத்தி எழுதும் தேர்வு இருக்கிறது. உண்மையிலேயே படம் அந்த அளவுக்குள் இருந்தால் ஓடிவிடும், இல்லையென்றால் படம் கலங்கி வரும். முயன்று பார்க்க ஐந்து நிமிடம்தான்.

இனி பெட்டியை மாற்றித் தீராதவை. படம் ஹெச்.265 என்றால் பிளேஸ்டேஷன் 4-இன் மீடியா பிளேயர் ஓட்டாது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்.265-இலும் எடுக்கின்றன. மாமா தன் போனில் எடுத்த ஊர்வல வீடியோ ஓடாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸும் அதற்குப் பின் வந்தவையும் ஹெச்.265 ஓட்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு விஎல்சி ஆப்பும் இருக்கிறது. அதையும் ஒரு முறை முயலுங்கள்.

இன்னொன்று, ப்ரொஃபைல் வரியில் ஹை 10, ஹை 4:2:2 என்று காட்டுவது. நல்ல கேமராக்கள் 10 பிட்டில், 4:2:2 நிறப் பதிவில் எடுக்கும். எடிட் செய்யும்போது வண்ணத்தை ஏற்றி இறக்க அது வசதி. அந்த அமைப்பிலேயே ஸ்டுடியோ கோப்பை வெளியே எடுத்துவிட்டால் படத்தை அவிழ்க்கும் கன்சோலின் டிகோடர் சிப் அதைத் தொடாது. ஸ்டுடியோவிடம் திரும்பப் போய் 8 பிட், 4:2:0-இல் எடுத்துத் தரச் சொல்வதுதான் சரி. அவர்களிடம் மூலப் பதிவு இருக்கும்வரை கேளுங்கள், சில மாதத்தில் அழித்துவிடுவார்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட்டர். வீடியோ என்கோடர் ஹெச்.264, ப்ரொஃபைல் ஹை, லெவல் 4.1, ஃப்ரேம் ரேட் மூலத்தில் உள்ளபடி மாறாத வேகம், தரம் ஆர்எஃப் 18 அல்லது 19, ப்ரீசெட் ஸ்லோ, ஒலி ஏஏசி. ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். எங்கள் வீட்டில் ஜரிகை குழைந்ததற்குக் காரணம், அந்தக் கன்வெர்ட்டர் தானாக 3 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டதுதான். பட்டு, பூமாலை, கூட்டம், அட்சதை தூவும் நொடி எல்லாம் நுணுக்கம் மிகுந்த காட்சிகள். அவற்றுக்குப் பிட்ரேட் தாராளமாக வேண்டும். முழுதும் ஓடவிடுவதற்கு முன் அட்சதைக் காட்சியில் ஒரு நிமிடம் மட்டும் மாற்றி டிவியில் போட்டுப் பாருங்கள். மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

ஒலியின் கோடெக் டிடிஎஸ் என்று இருந்தால் பிளேஸ்டேஷன் 4 மீடியா பிளேயரில் ஊமைப் படமாகத்தான் ஓடும். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்ற அவிடெமக்ஸ் நல்ல கருவி. இடது பக்கம் வீடியோ அவுட்புட் என்பதில் காப்பி, ஆடியோ அவுட்புட் என்பதில் ஏஏசி அல்லது ஏசி3, கீழே பெட்டிக்கு எம்பி4. சேமித்தால் முடிந்தது. நாதஸ்வரமும் தவிலும் உள்ள பதிவு என்றால் ஏஏசிக்கு 256 கேபிபிஎஸ்ஸாவது கொடுங்கள்.

கோடெக் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால் கன்சோலின் ஆடியோ அவுட்புட் அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் என்று இருப்பதை லீனியர் பிசிஎம் என்று மாற்றிப் பாருங்கள். டிவிக்குப் புரியாத ஒலியைக் கன்சோல் அவிழ்க்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

விட்டு விட்டு ஓடுகிறது

யூஎஸ்பி 2.0 வேகம் போதாது என்று பலர் சொல்வார்கள். கணக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. 50 எம்பிபிஎஸ் வீடியோவுக்கு நொடிக்கு 6.25 எம்பி படித்தால் போதும். ஒழுங்கான பென்டிரைவ் யூஎஸ்பி 2.0-இல் இருந்தே அதன் பல மடங்கு தரும். உண்மைக் காரணங்கள் வேறு.

பிட்ரேட் அதிகம் என்பது ஒன்று. ஹை ப்ரொஃபைல், லெவல் 4.2-க்கு உச்ச வரம்பு 62.5 எம்பிபிஎஸ். கேமராவின் ஆல் இன்ட்ரா பதிவு (ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுப் படமாகப் பதிவது) 100-ஐத் தாண்டும். அப்படியே காப்பி செய்து போட்டால் டிகோடர் மூச்சு வாங்கும். எடிட் செய்யாத மூலக் காட்சிகளைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

பென்டிரைவ் சோர்ந்திருப்பது இன்னொன்று. அதே கோப்பை வேறொரு பென்டிரைவில் போட்டுப் பாருங்கள். தடங்கல் வேறு நிமிடத்துக்கு மாறினால் டிரைவ்தான் காரணம். எப்போதும் அதே நொடியில் தடங்கினால் கோப்பில் அந்த இடம்தான் காரணம்.

மூன்றாவது, கேமரா மெல்லத் திரும்பும்போது மட்டும் படம் உதறுவது. மண்டபத்தின் வாசலிலிருந்து மேடை வரை கேமரா நகரும் காட்சியில் தெளிவாகத் தெரியும். இதில் பழுது எதுவும் இல்லை. நம் ஊர் ஸ்டுடியோக்களில் பலர் நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கிறார்கள். கன்சோல் டிவிக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்புகிறது. 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. அரைகுறையாக ஒரு ஃப்ரேமைக் காட்ட முடியாதே, அதனால் சில ஃப்ரேம் இரண்டு முறை, சில மூன்று முறை என்று மாறி மாறி வரும். அந்த ஒழுங்கின்மைதான் உதறல். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் வீடியோ மோட் அமைப்புக்குள் 50 ஹெர்ட்ஸை அனுமதிக்கும் தேர்வைக் குறித்தால் சரியாக வாய்ப்புண்டு. கன்வெர்ட்டரில் 60 ஃப்ரேமாக மாற்றினால் அதே உதறல் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது கடைசிப் பகுதி இல்லை

முதலில் காப்பி முழுமையா என்று பாருங்கள். லேப்டாப்பில் உள்ள கோப்பின் அளவையும் பென்டிரைவில் உள்ளதையும் ப்ராப்பர்டீஸில் பைட் வரை ஒப்பிடுங்கள். திரையில் 100 சதவீதம் வந்த பிறகும் கணினி கடைசித் துண்டுகளை எழுதிக்கொண்டிருக்கலாம். நானே ஒருமுறை காத்திருக்காமல் உருவி, எம்பி4 கோப்பு எந்த இடத்திலும் திறக்காமல் போனது. எம்பி4-இன் அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும்; அது எழுதப்படாவிட்டால் முன்னால் இருக்கும் மூன்று மணி நேரப் படமும் எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. எம்கேவியும் எம்2டிஎஸ்ஸும் இந்த விஷயத்தில் பொறுமையானவை, அறுந்த இடம்வரை ஓடும். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று கணினி சொன்ன பின் உருவுங்கள்.

அளவு சரியாக இருந்தும், ஒரு குறிப்பிட்ட நிமிடத்துக்குப் பிறகு எப்போதும் குப்பையாக வந்தால் போலி டிரைவாக இருக்கலாம். 256 ஜிபி என்று அச்சடித்து, 256 ஜிபி என்று கணினியிடமும் பொய் சொல்லி, உள்ளே 16 ஜிபி மட்டும் உள்ளவை மலிவு விலையில் சுற்றுகின்றன. 16 ஜிபி நிறைந்ததும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். சின்னக் கோப்புகளால் இது வெளியே தெரியாது, பெரிய வீடியோதான் காட்டிக்கொடுக்கும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற கருவிகள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லும். புது டிரைவ் வாங்கிய அன்றே இதை ஓட்டிவிடுங்கள். போலி என்று தெரிந்தால் அதில் குடும்பப் படம் எதையும் வைக்காதீர்கள்.

யூஎஸ்பியை விட்டுவிடலாம் என்றால்

பிளேஸ்டேஷன் 3-க்கு 40 ஜிபி வீடியோவைப் பத்துத் துண்டாக்குவது அலுப்பு என்றால், லேப்டாப்பில் யுனிவர்சல் மீடியா சர்வர் போட்டு வீட்டு நெட்வொர்க் வழியாக ஓட்டலாம். 4 ஜிபி வரம்பு அங்கே கிடையாது, தேவைப்பட்டால் ஓடும்போதே மாற்றியும் தரும். பிளேஸ்டேஷன் 4 மீடியா பிளேயரும் இப்படிப்பட்ட சர்வரிலிருந்து எடுக்கும். லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 3-இன் வைஃபை 54 எம்பிபிஎஸ் என்று பெயருக்குத்தான் இருக்கும், சுவர் தாண்டினால் 28 எம்பிபிஎஸ் படம் திணறும். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான்.

ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டிய சீட்டு

அடுத்து எங்கள் வீட்டில் தம்பி கல்யாணம். முன்பணம் கொடுக்கும் அன்றே ஸ்டுடியோக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அண்ணா, இந்தக் கணக்கில் எடுத்துத் தாருங்கள் என்றேன். படித்துப் பார்த்துச் சரி என்றார். தாளில் இருந்தது இதுதான்: எம்பி4 பெட்டி, ஹெச்.264 ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1, 1080பி, 25 ஃப்ரேம், ப்ரோக்ரசிவ், 8 பிட், 4:2:0, 20 முதல் 25 எம்பிபிஎஸ், ஒலி ஏஏசி ஸ்டீரியோ 256 கேபிபிஎஸ். ஒவ்வொரு சடங்கும் தனிக் கோப்பு, எதுவும் 4 ஜிபி தாண்டக் கூடாது. பென்டிரைவ் எக்ஸ்ஃபேட். தாளின் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: எடிட் செய்த முழுக் கோப்பின் பிரதி ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், டிஸ்க் நாங்கள் வாங்கித் தருகிறோம்.